‘ஓரிரு இடங்களில்’ என்றால் எந்த இடத்தில்?

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி, சனிக்கிழமை. காலையிலிருந்தே செஞ்சியில் இராஜகிரியின் உச்சி கண்ணுக்குத் தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கே நன்றாக இருட்டிவிட்டது. எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியவர் என்னைக் கண்டதும் கூப்பிட்டு நிறுத்தினார்.

“சார், விழுப்புரம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்யும் என்று சொல்கிறார்கள். அந்த ஓரிரு இடத்தில் நம்ம ஊரும் சேர்த்தியா, இல்லையா?”

அவருடைய கடை தெருமட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்தது. அரிசி மூட்டைகள் தரையில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பரண்மீது ஏற்ற வேண்டுமானால் இரண்டு ஆட்களை அழைத்து, அந்த மழையில் கூலி கொடுத்தாக வேண்டும். கேள்வி நேரானது, நியாயமானது. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற என்னால் அதற்கு விடை சொல்ல இயலவில்லை. “தெரியவில்லை ஐயா, எதற்கும் சற்று எச்சரிக்கையாக இருங்கள்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் மூட்டைகளை ஏற்றவில்லை. விடியும்போது அடிவரிசை மூட்டைகள் தண்ணீரில் நின்றன.

அன்று என்னிடம் விடை இல்லாமற்போனது ஏன் என்று பிறகு எண்ணிப் பார்த்தேன். வானிலை அறிவியல் வளராததால் அன்று. அறிவியல் கண்டறிந்த செய்தி அந்தக் கடைக்காரரின் காதுக்கு வந்து சேர்ந்த மொழியில்தான் குறை இருந்தது. வானிலை அறிக்கையை ஒரு நூலைப்போல எடுத்து வைத்துக்கொண்டு, அது என்ன சொல்கிறது, என்ன சொல்லாமல் விடுகிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்சரிக்கை பொய்க்கவில்லை

முதலில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். ஃபெஞ்சல் என்று பெயரிடப்பட்ட அந்தப் புயல் முன்னறிவிப்பின்றி வந்ததன்று. வங்கக் கடலில் அது தாழ்வு மண்டலமாக இருந்தபோதே, பல நாட்களுக்கு முன்பிருந்தே, இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் பின்தொடர்ந்து வந்தது. சென்னை முதல் கடலூர் வரையுள்ள வட கடலோர மாவட்டங்களுக்கும், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களுக்கும், புதுச்சேரிக்கும் 30-ந் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டிருந்தது.

புயல் எச்சரிக்கையின் பயனை நம் நாடு கண்கூடாகக் கண்டிருக்கிறது. 1999-ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013-இல் அதே கரையைத் தாக்கிய பைலின் புயலின்போது பல இலட்சம் மக்கள் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. இடையிலிருந்த பதினான்கு ஆண்டுகளில் கண்காணிப்பும் கணக்கிடும் முறைகளும் நிர்வாகமும் அடைந்த முன்னேற்றம் இது.

ஃபெஞ்சலோ சற்றுத் தடுமாற வைத்த புயல். அது புயலாக மாறாமல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே 30-ந் தேதி காலையில் கரையைக் கடக்கும் என்று ஒரு கட்டத்தில் கருதப்பட்டது. 29-ந் தேதி பிற்பகலில் அது புயலாக வலுப்பெற்றது. கரையைக் கடக்கும் நேரம் மறுநாள் பிற்பகல் என்று மாறியது. பின்னர் மாலை, பின்னர் இரவு என்று தள்ளிப்போயிற்று. முடிவில் இரவு 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையில் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. ஏறியதும் விலகிப் போகவில்லை. பல மணி நேரம் ஏறக்குறைய அதே இடத்திலேயே நின்றுவிட்டது.

மறுநாள் காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ., மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவாயிற்று. மயிலம் செஞ்சியிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ளது. அதற்கடுத்த நாள் மழை மேற்கே சென்று கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்ததில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். 2-ந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையூர்கள் வெள்ளத்தில் மூழ்கின. கரையைக் கடந்தது இரவில். பெருமழை பெய்தது இரவில். அணை நீர் வந்ததும் விடியுமுன். மக்கள் உறங்கும் வேளையில் வரும் ஆபத்துக்கு எச்சரிக்கைச் சொற்கள் மற்ற வேளையைவிடத் தெளிவாக இருக்க வேண்டாமா?

சொல்லும் பொருளும்

இனி அறிக்கையின் சொற்களைப் பார்ப்போம். அவை நாள்தோறும் நாம் கேட்பவைதாம்.

முதலாவது, ‘ஓரிரு இடங்களில்’. கேட்பவர் இதற்கு என்ன பொருள் கொள்கிறார்? “எங்கோ ஒன்றிரண்டு ஊர், நம் ஊராக இருக்காது” என்றே பெரும்பாலும் எண்ணுகிறார். வானிலைத் துறையில் இச்சொல்லுக்கு வரையறை உண்டு. ஒரு பகுதியிலுள்ள மழை அளவு நிலையங்களில் நூற்றுக்கு 25 வரையிலானவற்றில் மழை பதிவாகும் என்பது அதன் பொருள். 26 முதல் 50 வரை என்றால் ‘ஒரு சில இடங்களில்’. 51 முதல் 75 வரை என்றால் ‘அநேக இடங்களில்’. அதற்கும் மேல் என்றால் ‘பெரும்பாலான இடங்களில்’. ஒரு மாவட்டத்தில் 20 நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். ‘ஓரிரு இடங்கள்’ என்பது ஒரு நிலையமாகவும் இருக்கலாம். ஐந்து நிலையங்களாகவும் இருக்கலாம். வேறு விவரம் இல்லாதபோது, ஏதேனும் ஓர் ஊருக்கு அந்த மழை கிட்டும் நிகழ்தகவு இருபதில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை. நான்கில் ஒன்று என்பது அலட்சியம் செய்யத்தக்க அளவா? நான்கு முறை ஏறினால் ஒரு முறை கவிழும் பேருந்தில் நாம் ஏறுவோமா?

இரண்டாவது, மழையின் அளவைக் குறிக்கும் பெயர்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. ‘மிக’ என்பதும் ‘அதி’ என்பதும் பொருளால் ஒன்றே. ஒன்று தமிழ், மற்றது வடமொழி. இவ்விரண்டில் எது பெரிது என்று கேட்டால் அகராதியைப் புரட்டினாலும் விடை கிடைக்காது. எழுத்தில் காண்பவராவது வண்ணத்தைக் கொண்டு தேறலாம். காதால் கேட்பவர் என் செய்வார்?

இதைவிட முக்கியமான குறை, அதி கனமழை என்னும் வகுப்புக்கு மேல் எல்லை இல்லாதது. 21 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை, 50 செ.மீ. பெய்தாலும் அதி கனமழை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதன்மேல் 20.5 செ.மீ. மழை விழுந்தால் சுமார் 8 இலட்சத்து 30 ஆயிரம் லிட்டர் நீர். 50 செ.மீ. விழுந்தால் சுமார் 20 இலட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியைக் கொண்டு சொன்னால், முதலாவது 83 லாரி. இரண்டாவது 200 லாரி. ஏரிக்கரை தாங்குவதும் உடைவதும், வடிகால் கொள்வதும் கொள்ளாததும் இந்த இடைவெளியில்தான் முடிவாகின்றன. செஞ்சியைச் சுற்றிலும் இருப்பவை வெறும் பாறைக் குன்றுகள். அவற்றின்மேல் விழும் நீரை உறிஞ்ச மண் இல்லை. விழுந்த வேகத்தில் இறங்கி ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் செஞ்சியாறு எனப்படும் சங்கராபரணிக்கும் வந்து சேர்கிறது. அத்தகைய ஊருக்கு ‘20 செ.மீ.க்கு மேல்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளும் சொல் போதாது.

மூன்றாவது, தேதி. மழைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. உலகப் பொதுநேரப்படி அது மூன்று மணி. உலகெங்கும் ஒரே வேளையில் அளவெடுக்க வேண்டியிருப்பதால் ஏற்பட்ட ஏற்பாடு. எனவே ‘30-ந் தேதிக்கான எச்சரிக்கை’ 1-ந் தேதி காலை வரை செல்லும். ஆனால் நம் வீடுகளில் 30-ந் தேதி என்றால் அன்றைய பொழுதோடு முடிந்த கணக்கு. பகல் முழுவதும் பெரிதாக ஒன்றும் நேராவிட்டால், “இன்றைய எச்சரிக்கை இவ்வளவுதான்” என்று விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறோம்.

நான்காவது, ‘வாய்ப்புள்ளது’. ஆங்கில அறிக்கையில் நிகழ்தகவைக் காட்ட நான்கு படிகள் வகுத்திருக்கிறார்கள்: நூற்றுக்கு 25-க்குக் கீழ், 25 முதல் 50, 50 முதல் 75, 75-க்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் உண்டு. அது தமிழில் செய்தியாகி வரும்போது நான்கும் பெரும்பாலும் ‘வாய்ப்புள்ளது’ என்ற ஒரே சொல்லில் கரைந்துபோகின்றன. மேலும் ‘வாய்ப்பு’ என்பது நன்மைக்குரிய சொல். வறட்சியில் வானத்தைப் பார்த்திருக்கும் உழவருக்கு ‘மழை பெய்ய வாய்ப்பு’ என்பது பொருந்தும். வீட்டுக்குள் வெள்ளம் வர ‘வாய்ப்பு’ என்பது எப்படிப் பொருந்தும்?

குறை முழுவதும் அறிக்கையை எழுதுவோருடையது என்று சொல்வதற்கில்லை. ‘கொட்டித் தீர்க்கும்’, ‘வெளுத்து வாங்கும்’ என்று தலைப்பிடும் செய்தியாளர்கள், அறிக்கையில் இருக்கும் சில எண்களையும் நீக்கிவிடுகிறார்கள். நிகழ்தகவை வகுப்பில் நாணயத்தோடும் பகடையோடும் நிறுத்திவிடும் எம்போன்ற ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

மழையின் அளவும் புயலின் நடையும்

‘எண்ணை உறுதியாகச் சொல்ல முடிந்தால் சொல்லமாட்டார்களா?’ என்று வாசகர் கேட்கலாம். இங்கேதான் இயற்பியல் வருகிறது.

ஓரிடத்தில் விழும் மொத்த மழை, மழையின் வேகத்தையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கி வருவது. மணிக்கு 4 செ.மீ. வீதம் பெய்யும் மழைப்பட்டை ஒன்று 60 கி.மீ. அகலமுடையது என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நகர்ந்தால் ஓர் ஊரைக் கடக்க 4 மணி நேரம் ஆகும். மழை 16 செ.மீ. அதே பட்டை மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் 12 மணி நேரம். மழை 48 செ.மீ. காற்றின் வேகத்தில் மாற்றமில்லை. மேகத்தின் வலிவில் மாற்றமில்லை. நடை தளர்ந்தது ஒன்றே காரணம். மழை மூன்று மடங்காகிவிட்டது.

புயல் தானாக நடப்பதில்லை. சுற்றியுள்ள வளிமண்டலத்தின் பெருங்காற்றோட்டம் அதை ஆற்று நீர் தக்கையைக் கொண்டுசெல்வதுபோல் ஏந்திச் செல்கிறது. இருபுறமுள்ள உயரழுத்தப் பகுதிகளின் செல்வாக்கு ஏறக்குறையச் சமமாகும்போது அந்த ஓட்டம் வலுவிழக்கிறது; புயல் தயங்கி நின்றுவிடுகிறது. நிற்குமா நகருமா என்பதைத் தீர்மானிப்பது மிகச் சிறிய வேறுபாடு. வளிமண்டலத்தில் தொடக்க நிலையின் சிறு வேறுபாடு பின்னர்ப் பெரிய வேறுபாடாக வளரும் என்பதை எட்வர்டு லோரன்ஸ் 1963-இல் எடுத்துக்காட்டினார். எனவே ‘இத்தனை செ.மீ. பெய்யும்’ என்று ஒற்றை எண்ணை அடித்துச் சொல்வது அறிவியல் ஆகாது. ஆனால் ‘இவ்வளவு பெய்ய இத்தனை விழுக்காடு நிகழ்தகவு’ என்று சொல்வது அறிவியலே ஆகும்.

ஒரு டிகிரியில் மாறும் மழை

நமக்குக் குளிர்காலத்தின் ஆபத்து ஐப்பசி, கார்த்திகை மழை. குளிர்நாடுகளின் ஆபத்து வேறு. அங்கும் ஓர் இரவுக்குள், ஒரு சிறு வேறுபாட்டால், எல்லாம் மாறிவிடும் நிலை உண்டு. உறைமழை என்று அதைச் சொல்லலாம்.

உயரத்தில் உருவாகும் பனித்துகள் கீழிறங்குகையில், இடையில் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள காற்றடுக்கு ஒன்று இருந்தால் உருகி மழைத்துளியாகிறது. தரையை ஒட்டி மீண்டும் உறைநிலைக்குக் கீழான மெல்லிய குளிரடுக்கு இருந்தால், துளி 0 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே இருக்கும். இதை மீக்குளிர்ந்த நீர் என்பர். அந்தத் துளி மரக்கிளையையோ மின்கம்பியையோ சாலையையோ தொட்டதும் கண்ணாடிபோல் உறைந்துவிடும். கீழுள்ள குளிரடுக்கு தடித்ததாக இருந்தால் துளி வழியிலேயே உறைந்து சிறு பனிக்கட்டி மணியாக விழும். நடுவிலுள்ள வெப்ப அடுக்கு வலுவற்றதாக இருந்தால் வெண்பனியாகவே விழும். தரையருகே வெப்பநிலை 1 டிகிரியாக இருந்தால் வெறும் மழை. ஒரே மேகம், ஓரிரு டிகிரி வேறுபாட்டில் நான்கு முடிவுகள்.

2 செ.மீ. விட்டமுள்ள மின்கம்பியைச் சுற்றி 1 செ.மீ. தடிப்புக்குப் பனிக்கட்டி படிந்தால், மீட்டருக்கு ஏறத்தாழ 0.86 கிலோகிராம் எடை கூடும். இரு கம்பங்களுக்கிடையே 50 மீட்டர் என்றால் 43 கிலோகிராம். 1998 ஜனவரி 5 முதல் 10 வரை கிழக்குக் கனடாவில் பெய்த உறைமழையில் மின்கோபுரங்கள் சரிந்து, பல இலட்சம் மக்கள் கடுங்குளிரில் மின்சாரமின்றித் தவித்தனர். சிலருக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2013 டிசம்பர் 21, 22 தேதிகளில் தமிழர்கள் மிகுதியாக வாழும் டொரான்டோ நகரிலும் இது நேர்ந்தது. சுமார் மூன்று இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தன.

நம் மாநிலத்திலும் நீர் உறையும் இரவு உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தும் காய்கறிப் பயிரும் கருகுவதை அறிவோம். அங்கே வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும் இரவிலும், வெட்டவெளியில் வெப்பத்தை இழக்கும் புல்லின் நுனி 0 டிகிரிக்கு இறங்கிவிடக்கூடும். ‘குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி’ என்ற அறிக்கை உண்மையே. ஆனால் பயிரிடுபவருக்கு வேண்டிய உண்மை அதில் இல்லை. மயிலத்தையும் நீலகிரியையும் இணைப்பது இதுதான்: அறிக்கை சரியாக இருந்தும் கேட்டவருக்குப் பயன்படாமற்போகிறது.

எண் எங்கே இருக்கிறது?

இத்தகைய நிலையில் வானிலை அறிஞர் செய்வது என்ன? ஒரே கணிப்பைச் செய்து அதை நம்பியிராமல், தொடக்க நிலையைச் சிறிது சிறிது மாற்றிப் பல கணிப்புகளைச் செய்கின்றனர். ஐம்பது கணிப்புகளில் முப்பது புயலை நிற்க வைத்தால், நிற்கும் நிகழ்தகவு சுமார் 60 விழுக்காடு என்று கொள்ளலாம். 1992 முதல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை நடைமுறையில் உள்ளது. நம் நாட்டிலும் 2018 ஜூன் முதல் 12 கி.மீ. நுணுக்கமுள்ள இத்தகைய தொகுப்புக் கணிப்பு முறை செயற்பட்டு வருகிறது. 2025 மே மாதம் 6 கி.மீ. நுணுக்கமுள்ள கணிப்பு முறையும் தொடங்கப்பட்டது. ஆகவே எண் நம்மிடம் இல்லை என்பதற்கில்லை. புதுடெல்லியிலும் புணேயிலும் இருக்கிறது. செஞ்சி மளிகைக் கடைக்கு வந்து சேரவில்லை.

நிகழ்தகவை மக்களிடம் சொல்வது புதிய எண்ணமும் அன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் குக் என்னும் அறிஞர் தம் முன்னறிவிப்புகளுக்கு எவ்வளவு உறுதி என்பதை எண்களால் குறித்து 1906-இல் எழுதினார். அமெரிக்காவில் 1965 முதல் மழையின் நிகழ்தகவு விழுக்காடு பொதுமக்களுக்கு நாடு முழுவதும் அறிவிக்கப்பட்டு வருகிறது.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படுவதுண்டு. “நூற்றுக்கு 30 என்று சொன்னால் மக்கள் அசட்டையாக இருந்துவிடுவார்கள், சிவப்பு என்றால்தான் அஞ்சுவார்கள்” என்பர். இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் 2024 அக்டோபரில் நடந்ததை நினைவுகூர்வோம். அம்மாதம் 16-ந் தேதி சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது. முன்பட்டறிவு உள்ள வேளச்சேரிப் பகுதி மக்கள் கார்களை மேம்பாலத்தின்மீது கொண்டுபோய் நிறுத்தினர். அன்று எதிர்பார்த்த அளவு மழை பெய்யவில்லை. மக்கள் செய்தது அறிவுடைய செயல்தான். ஆனால் சிவப்பு என்ற ஒரே சொல்லோடு செய்தி முடிந்தபடியால், மழை பெய்யாத மறுநாள் “பொய் சொல்லிவிட்டார்கள்” என்ற பேச்சு எழுந்தது. ‘புலி வருது’ கதை இப்படித்தான் தொடங்குகிறது. “நூற்றுக்கு 60” என்று சொல்லியிருந்தால், வராமற்போன நாற்பதும் அறிக்கைக்குள்ளேயே இருந்திருக்கும். எண்ணை மறைப்பதால் நம்பிக்கை வளர்வதில்லை, குறைகிறது.

செலவும் இழப்பும்

இப்போது கடைக்காரரின் கேள்விக்குத் திரும்புவோம். மூட்டைகளை ஏற்றக் கூலி 600 ரூபாய் என்றும், ஏற்றாமல் விட்டு நீர் புகுந்தால் இழப்பு 6,000 ரூபாய் என்றும் கொள்வோம். செலவை இழப்பால் வகுத்தால் பத்தில் ஒன்று. நீர் புகும் நிகழ்தகவு நூற்றுக்குப் பத்துக்கு மேலானால் ஏற்றுவது இலாபம், கீழானால் விட்டுவிடலாம். பல மழைக்காலங்களைச் சேர்த்துப் பார்த்தால் இவ்விதியைப் பின்பற்றுகிறவருக்கு நட்டம் மிகக் குறைவாக இருக்கும்.

பெரியவருக்குக் கிடைத்த செய்தி என்ன? ‘ஓரிரு இடங்களில்’, அதாவது 20 நிலையக் கணக்குப்படி நூற்றுக்கு 5 முதல் 25 வரை. அவருக்கு வேண்டிய வரம்பான 10 இதற்கு நடுவில் விழுகிறது. 5 என்றால் ஏற்ற வேண்டாம். 25 என்றால் ஏற்ற வேண்டும். ஆக, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இயற்பியல் ஆசிரியர் மட்டுமல்லர், எவராலும் அவருக்கு விடை சொல்ல இயலாது. ஓர் எண் கிடைத்திருந்தால் அவரே கணக்குப் போட்டு முடிவு செய்திருப்பார். நாளெல்லாம் விலையும் இலாபமும் கணக்கிடுகிறவருக்கு இது கடினமான கணக்கன்று.

மளிகைக் கடைக்கு மட்டும் உரிய கணக்கும் அன்று இது. மலைச்சரிவில் வீடு கட்டியிருப்பவருக்கு ஓர் இரவு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பது செலவு, இழப்போ உயிர். உயிருக்கு விலை இல்லையாதலால், அவருக்கு நூற்றுக்கு ஒன்று என்ற நிகழ்தகவே வெளியேறப் போதுமானது. அவரவர் நிலைக்கேற்ப வரம்பு மாறும். எல்லோருக்கும் ஒரே வண்ணத்தைக் காட்டினால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

என்ன செய்யலாம்?

மூன்று சிறு மாற்றங்களை வேண்டலாம். ஒன்று, ‘அதி கனமழை’ என்று சொல்லும்போது, “மாவட்டத்தில் எங்கேனும் 20 செ.மீ. தாண்ட இத்தனை விழுக்காடு, 40 செ.மீ. தாண்ட இத்தனை விழுக்காடு” என்று எண்ணால் சொல்வது. இரண்டு, தேதிக்குப் பதில் “இன்று பொழுது சாய்ந்தது முதல் நாளை விடியும் வரை” என்று வேளையால் சொல்வது. மூன்று மணி நேரத்துக்கொரு முறை வரும் குறுகிய கால அறிவிப்பு தூங்குகிறவருக்குப் பயன்படாதாகையால், இரவுக்கான செய்தியை மாலை ஆறு மணிக்கே முழுமையாகக் கொடுப்பது. மூன்று, புயல் ஓய்ந்தபின் எந்தக் கணிப்பு பலித்தது, எது தவறியது, ஏன் என்பதைத் தமிழில் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவது. புயல்களைப் பற்றிய ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. செஞ்சியாற்றங்கரையில் குடியிருப்பவருக்கும் அதைப் படிக்கும் உரிமை உண்டு.

மாணவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கல்லூரியில் ஒரு பயிற்சியைத் தொடங்கியிருக்கிறோம். மழைக்காலத்தில் நாள்தோறும் மாலையில், “நாளைக் காலைக்குள் இங்கே மழை பெய்யும் நிகழ்தகவு இவ்வளவு” என்று ஒவ்வொருவரும் ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். மழை பெய்தால் 1, பெய்யாவிட்டால் 0. எழுதிய எண்ணுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்தினால் அன்றைய மதிப்பெண். 0.7 என்று எழுதி மழை பெய்தால் 0.09, பெய்யாவிட்டால் 0.49. ஒன்றும் யோசிக்காமல் தினமும் 0.5 என்று எழுதுகிறவருக்கு எப்போதும் 0.25. மாதமுடிவில் சராசரி குறைவாக உள்ளவரே வெற்றி பெற்றவர். கிளென் பிரையர் 1950-இல் வகுத்த முறை இது. உலகெங்கும் வானிலை நிலையங்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள இதைப் பயன்படுத்துகின்றன. எண்பது பக்க நோட்டு ஒன்றும், ஒரு தகர டப்பாவும் அளவுகோலும் கொண்டு செய்த மழைமானியும் போதும். நேர்ப்பக்கங்களுள்ள எந்த டப்பாவும் பயன்படும்; வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருப்பதே முக்கியம்.

இப்பயிற்சியில் மாணவர்கள் கற்றுக்கொள்ளும் முதற்பாடம், ‘பெய்யும்’ என்றும் ‘பெய்யாது’ என்றும் அடித்துச் சொல்கிறவர் அடிக்கடி தோற்கிறார் என்பது. இரண்டாவது பாடம், ‘தெரியாது’ என்று எப்போதும் 0.5 எழுதுகிறவரும் வெல்வதில்லை என்பது. தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லப் பழகுவதே அறிவியல்.

ஐப்பசி பிறந்தால் மளிகைக் கடைப் பெரியவர் இன்றும் என்னை நிறுத்தி அதே கேள்வியைக் கேட்கிறார். மாணவர்களின் நோட்டைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்கிறேன். அது எங்கள் ஊர்க் கணக்கு, பெரும்புயலுக்கு உதவாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பெரும்புயலுக்கான எண்ணை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லும் நாள் வர வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் பழக்கத்தை வாசகர்களும் தத்தம் ஊர்களில் தொடங்குவார்களாக.